கரும்பலகைக் கணக்கு



தலைமையாசிரியராக நான் எதில் ரொம்பக் கண்டிப்பு என்று ஒரு மாணவர் கேட்டார். வருகைப் பதிவேட்டில்தான். வராத பிள்ளையை வந்ததாகப் போட்டால், சத்துணவுக் கணக்கில் 100 கிராம் அரிசியும் ஒரு முட்டையும் சமைக்காமலே செலவாகிவிடும்.

"கொஞ்சம் கூட்டிப் போடுங்க சார், எல்லா இடத்துலயும் நடக்கிறதுதானே" என்றார் ஒருவர். நான் வாதாடவில்லை. தினமும் இறைவணக்கம் முடிந்ததும் வகுப்பு வாரியாகத் தலை எண்ணி, வாசல் கரும்பலகையில் எழுதிவிடுவேன். பெற்றோரும் பார்ப்பார்கள், சமையலம்மாவும் பார்ப்பார். சிலருக்கு என்னைப் பிடிக்காமல் போனது. பிள்ளைகளின் முட்டை தட்டுக்கு வந்தது.

இன்று பொறுப்பில் இருக்கும் நீங்களும், 'நேர்மையாய் இரு' என்று உபதேசிப்பதைவிட, கணக்கை எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள். தப்பாய்க் கேட்கவே ஆள் தயங்கும்.