பழைய எஞ்சின்

1990 இல் வெறிச்சோடிய மயிலிட்டித் துறை, 2017 ஜூலையிலேயே மீண்டும் மக்களிடம் வந்தது. இடப்பெயர்வில் வள்ளமும் வலையும் இழந்தோர் பலர். அவ்வாறு மீண்ட முதியவர் ஒருவருக்கு, மகளின் சங்கிலியை அடகுவைத்த பணத்தில் பழைய வெளியிணைப்பு இயந்திரம் ஒன்றே கட்டுப்படியாயிற்று.

விற்பவர் முதலிற் காட்டியது நாற்பது குதிரைவலு எஞ்சின். புதுப்பூச்சு மினுங்கியது, பழைய எஞ்சின்களிற் பூச்சுக்கே பாதி விலை போலும்! மருமகன் அதன் வேகத்தில் மயங்கினான். முதியவரோ கயிற்றை மெல்ல இழுத்து, உள்ளிருக்கும் அமுக்கத்தைக் கையால் அளந்தார். பின்னர் கியர்ப்பெட்டியின் ஆணியைக் கழற்றி ஒயிலை விரலில் தொட்டார். அது பாலாய் வெளுத்திருந்தது. உப்புநீர் உட்புகுந்துவிட்டது.

"தம்பி, சோளகத்துக்க நிண்டுதெண்டால் ஆர் இழுத்து வாறது?"

இக்கேள்வியின் கனம் வடகரையாருக்கே விளங்கும். வாடையில் எஞ்சின் நின்றால் காற்று வள்ளத்தைக் கரைப்பக்கம் தள்ளும். சோளகமோ நிலத்திலிருந்து வீசுவது. நின்ற வள்ளத்தை வடக்கே நடுக்கடலுக்குக் கொண்டேகும்.

ஈற்றில் அவர் தெரிந்தது பூச்சுரிந்த பதினைந்து குதிரைவலு எஞ்சின். பீப்பாய் நீரில் இறக்கி ஓட்டியபோது பக்கத்துளையால் நீர் அறாது பாய்ந்தது. பெற்றோலிலிருந்து மண்ணெண்ணெய்க்கு மாற்றியபோதும் அது இருமவில்லை. மருமகன் முகம் வாடினான். இச்சிறு வலுவோடு தூரக்கடல் எட்டாது. சங்கிலியை மீட்க இன்னும் நாளாகும். எனினும் எஞ்சினைத் தோளில் ஏற்றியவன் அவனே.