மிச்ச உல்லனில் ஒரு காட்டெருமை

பனிமூட்டம் விலகிய அந்த ஒரு நிமிடத்தில்தான் பையன் அதைப் பார்த்தான்.

ஏற்காடு மலையில், அண்ணாமலையார் கோயில் இருக்கும் தலைச்சோலையில் அவனுடைய ஆயா வீடு. பின்வாசலைத் திறந்தால் கம்பி வேலி, அதைத் தாண்டினால் காபித்தோட்டம். செடிகளுக்கு நிழல் தர சில்வர் ஓக் மரங்கள், மரமெல்லாம் மிளகுக்கொடி. டிசம்பர் காலை, பல் துலக்கப் போயிருந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு காட்டெருமை நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆறு வயதுப் பையன். கத்தவில்லை, ஓடவில்லை. அது பாட்டுக்குத் திரும்பி, செடிகளுக்குள் இறங்கிப் போய்விட்டது. கீழே விழுந்த பிரஷ்ஷை மத்தியானம் ஆயாதான் எடுத்து வந்தார்.

மலைக்காரர்களுக்கு இது புதிதில்லை. சேர்வராயன் மலையின் காபித்தோட்டங்களுக்குள் காட்டெருமைகள் வருவதும் போவதும் அன்றாடம் நடப்பதுதான். வளர்ந்த ஆண் ஒன்று தோள்வரைக்குமே ஆறடி உயரத்துக்குப் பக்கத்தில் நிற்கும், எடை ஆயிரம் கிலோ வரை போகும். (பேரில் எருமை இருந்தாலும் இது எருமை இனமில்லை, மாட்டு இனம். சங்கப் புலவர்கள் ‘ஆமான்’ என்றார்கள்.) பெரியவர்கள் ஒதுங்கி நின்று வழிவிடுவார்கள், அதுவும் போய்விடும். ஆனால், ஆறு வயதுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாதே!

அன்று ராத்திரியிலிருந்து பையன் ஒன்றுக்குப் போக யாரையும் எழுப்பவில்லை. விடிந்தால் பாய் ஈரம். பகலில்கூட பின்வாசல் பக்கம் போவதில்லை. என்ன பார்த்தாய் என்று கேட்டால் வாயைத் திறப்பதில்லை. அம்மாவுக்குச் சேலத்தில் ஜவுளிக்கடை வேலை, அப்பாவுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி. வாரத்தில் ஒருநாள் லீவில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வருகிற அம்மாவிடமும் அவன் சொல்லவில்லை. விபூதி பூசியாயிற்று, மந்திரித்தாயிற்று. பத்து நாள் பார்த்துவிட்டு, ஆயா பரணிலிருந்த மஞ்சப்பையை இறக்கினார்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பை இருக்கலாம். யாருடைய கல்யாணத்திலோ தாம்பூலம் போட்டுக் கொடுத்தது, மணமக்கள் பெயர் பாதி அழிந்துபோனது. ஆயாவின் பைக்குள் இருந்ததெல்லாம் மிச்ச உல்லன் நூல். ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு கதை உண்டு. சாம்பல் நிறம், மகளின் பள்ளிக்கூட ஸ்வெட்டரில் மிஞ்சியது. வெள்ளை, இதே பையன் பிறந்தபோது போட்ட குல்லாவிலும் காலுறையிலும் மிச்சம். பச்சை, வாசல் தோரணத்துக்கு வாங்கியது. கறுப்பு, ஒரு பொம்மையின் தலைமுடி. ரோஸ், என்ன காரணத்தாலோ எப்போதும் நிறைய இருக்கும். அடியில் பழுப்பு. அது தாத்தாவுக்குப் பின்னிய ஸ்வெட்டரில் மிஞ்சியது. தாத்தா போய் நான்கு வருடம் ஆகிறது. ஸ்வெட்டர் இன்னும் சுவரில், அவர் மாட்டிய ஆணியிலேயே தொங்குகிறது.

ஆயா போட நினைத்தது ஒரு கிரானி ஸ்கொயர். குரோஷே ஊசி பிடித்தவர்களுக்கு இது அரிச்சுவடி. நடுவில் சின்ன வளையம், அதைச் சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே போனால் நான்கு மூலையுள்ள சதுரம். உள்ளங்கை அளவிலும் நிறுத்தலாம், போர்வை அளவுக்கும் வளர்க்கலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் நிறத்தை மாற்றிக்கொள்ளலாம் என்பதால் மிச்ச நூலுக்கென்றே பிறந்த பின்னல் இது. 1885-லேயே ‘பிரெய்ரி ஃபார்மர்’ என்ற அமெரிக்க விவசாயப் பத்திரிகையில் இதன் செய்முறை வந்திருக்கிறது. அங்கேயும் வீட்டில் கிடந்த துண்டு நூல்களுக்கு வழி தேடியவர்கள்தான் இதைப் பிடித்துக்கொண்டார்கள். ஸ்வெட்டர் பின்ன மெஷின் வந்துவிட்டது. ஆனால், கடையில் நீங்கள் பார்க்கிற அசல் குரோஷே ஒவ்வொன்றும் இன்றைக்கும் யாரோ ஒருவர் கையால் போட்டதுதான்.

நடுவில் பூவுக்குப் பதிலாக விலங்கு முகம் வைப்பதில் ஒரு சின்ன சூட்சுமம் இருக்கிறது. முதலில் முகத்தை வட்டமாகவே முடித்துக்கொள்ள வேண்டும். வளையத்துக்குள் 12 டபுள் குரோஷே, அடுத்த சுற்றில் 24, அதற்கடுத்து 36. அப்படி ஏற்றினால்தான் வட்டம் தட்டையாக நிற்கும். குறைத்தால் கிண்ணமாகக் குவியும், கூட்டினால் ஓரம் அப்பளம்போல நெளியும். வட்டம் முடிந்ததும் வேறு நிறத்துக்கு மாறி, நான்கு இடங்களில் மட்டும் உயரமான தையல், நடுநடுவே குட்டையான தையல் என்று போட்டால் வட்டம் தானாகச் சதுரமாகிவிடும். காது, கொம்பு, மூக்கெல்லாம் தனியாகப் பின்னி மேலே தைப்பவை. மிச்ச நூல் என்பதால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். எல்லாம் ஒரே தடிமனில் இருக்காது. மெல்லிய நூலை இரண்டாகச் சேர்த்துப் பிடிக்காவிட்டால் சதுரம் ஒருபக்கமாக இழுத்துக்கொள்ளும். நிறம் மாற்றும் இடத்தில் ஒரு விரல் நீளமாவது வால் விட்டு, அதை ஊசியால் உள்ளே கோத்துவிட வேண்டும். சோம்பேறித்தனப்பட்டு ஒட்ட நறுக்கினால் இரண்டாவது துவைப்பில் பிரிந்து வந்துவிடும். அக்ரிலிக் நூல் கலந்திருந்தால் மேலே இஸ்திரிப்பெட்டியை வைக்கக் கூடாது, தட்டையாகி உயிர் போய்விடும்.

இதையெல்லாம் ஆயாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு வந்த சிக்கல் வேறு. மகள் போட்ட சண்டை.

“ஏம்மா, காட்டெருமையப் பொம்மையாக்கிக் கையில குடுத்தா, நாளைக்கு அவன் அதுகிட்டயே போய் நிக்க மாட்டானா?”

நியாயமான கேள்வி. ஆயா ராத்திரி முழுக்க அதையே யோசித்தாராம். பயம் முழுசாகப் போய்விடக் கூடாது, ஏனென்றால் அந்த மிருகம் உண்மையிலேயே முட்டும். ஆனால், பையன் தூங்கவும் வேண்டும். சிரிக்கிற வாயும் பெரிய கண்ணுமாக முகம் போட்டுக் கொடுப்பது சுலபம்தான். அதைக் கட்டிக்கொண்டு தூங்குகிற பிள்ளை, வேலியைத் தாண்டிப் போய் நிஜத்தைத் தடவிப் பார்க்க எவ்வளவு நேரமாகும்?

அந்த லீவு நாளில் மகள், அம்மாவைச் சமாதானப்படுத்தத் தன் போனில் ஒரு செய்தியைக் காட்டினார். 2016 ஜனவரி 31-ல் சென்னையில், சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ குழு உலகத்திலேயே பெரிய குரோஷே போர்வையை விரித்து கின்னஸில் ஏறிய செய்தி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஆளுக்கு ஆள் அவரவர் வீட்டில் 40 அங்குலச் சதுரங்களாகப் பின்னி, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்ததில் வந்த பரப்பு 11,148.5 சதுர மீட்டர்.

“அது எத்தன ஏக்கரு வரும்?” என்றார் ஆயா. காபித்தோட்டத்தில் பழம் பறித்தே வயதானவருக்குச் சதுர மீட்டர் பிடிபடவில்லை.

மகள் போனிலேயே கணக்குப் போட்டார். “ரெண்டே முக்கா ஏக்கரு.”

ஆயா வாயில் கை வைத்தார். அப்புறம், “அத்தாம் பெரிய போர்வைய என்ன பண்ணாங்க?” என்றார்.

“பிரிச்சு, இல்லாதப்பட்டவங்களுக்குக் குடுத்துட்டாங்களாம்.”

“அப்ப சரி.”

(அந்தக் குழு அதோடு நிற்கவில்லை. அடுத்த வருடம் 14 கிலோமீட்டருக்கு ஒரு ஸ்கார்ஃப், அதற்கடுத்து மண்டபம் நிறைய குரோஷே பொம்மைகள் என்று சாதனையைத் தொடர்ந்தது. தலைச்சோலை வீட்டில் பேச்சு அந்த ரெண்டே முக்கால் ஏக்கரோடு நின்றுவிட்டது.)

மறுநாள் ஆயா பழுப்பு நூலை எடுத்து முகத்தைத் தொடங்கினார். முதல் சுற்று முடிந்ததும் மீதி நூலைச் சரிபாதியாக மடித்து, நடுவில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டார். இது பழைய தந்திரம். அடுத்த சுற்று முடிவதற்குள் அந்த முடிச்சு கைக்கு வந்துவிட்டால், அதற்கப்புறம் வருகிற சுற்றுக்கு நூல் போதாது என்று அர்த்தம். முடிச்சு வந்துவிட்டது. மூன்றாவது சுற்றைக் குட்டைத் தையலாகப் போட்டுச் சிக்கனம் பிடித்தும் பார்த்தார். முக்கால் வட்டத்தில் நூல் தீர்ந்தது. நெற்றி இருக்க வேண்டிய இடம் மொட்டை.

வீட்டில் அந்தப் பழுப்பு இன்னும் ஒரே இடத்தில்தான் இருந்தது. ஆயா எழுந்து ஆணியிலிருந்து ஸ்வெட்டரை எடுத்தார். ஸ்வெட்டரில் கழுத்துப்பட்டிதான் கடைசியாகப் பின்னுவது. அதனால், பிரிக்கத் தொடங்க வேண்டிய இடமும் அதுதான். முனையைக் கண்டுபிடித்து ஒரு இழு இழுத்தால் போதும், கையளவு நூல் மடமடவென்று வந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துத் தொங்கவிட்டால் சுருளும் போய்விடும். முனையைக் கண்டும் பிடித்துவிட்டார். ஸ்வெட்டரை மடியில் போட்டுக்கொண்டு, அந்த முனையை நகத்தால் நெருடியபடி உட்கார்ந்திருந்தார்.

பையன் அதுவரை சுவரோரமாக இருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“அங்க பழுப்பு இல்ல ஆயா” என்றான்.

“எங்க சாமி?”

“நெத்தியில. சாம்பல் கலரு இருந்துச்சு. கொம்புக்கு நடுவுல.”

பதினோரு நாளில் அவன் அதைப் பற்றிப் பேசிய முதல் வார்த்தை. ஆயா அவசரப்படவில்லை. மஞ்சப்பையிலிருந்து சாம்பல் உருண்டையைத் தேடி எடுத்து, “இந்த மாதிரியா?” என்றார். இன்னும் கொஞ்சம் அழுக்கா இருந்துச்சு என்றான். கொம்பு எப்படி என்று கேட்டதற்கு மஞ்சள், ஆனால் நுனி கறுப்பு என்றான். காது அகலமாகப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்ததாம். மூக்கிலிருந்து புகை வந்ததாம். அப்புறம், அதிமுக்கியமாக, அது சாக்ஸ் போட்டிருந்ததாம்.

அவன் சொன்னது அத்தனையும் சரி. காட்டெருமைக்கு நெற்றி சாம்பல் நிறம்தான், முழங்காலுக்குக் கீழே நான்கு காலும் வெள்ளைதான். அந்த ஒரு நிமிடத்தில் பையன், டூரிஸ்ட்டுகள் போன் கேமராவில் எடுப்பதைவிடத் தெளிவாகப் பார்த்திருக்கிறான்.

ஸ்வெட்டர் ஆணிக்கே திரும்பியது. நெற்றிக்குச் சாம்பல் வந்தது. மஞ்சள் நூல் இல்லாததால் கொம்புக்கு வெள்ளையை மஞ்சள்தூள் தண்ணீரில் முக்கிக் காய வைத்தார்கள். துவைத்தால் வெளுக்கும், தெரிந்தேதான் செய்தார் ஆயா. முகம் மட்டும்தான் போடுவேன், காலெல்லாம் வராது என்று அவர் எவ்வளவோ சொல்லியும் பையன் சாக்ஸை விடவில்லை. கடைசியில் தாடைக்குக் கீழே நான்கு வெள்ளைத் தையல். பார்ப்பவர்களுக்கு அது பல் மாதிரி இருக்கும். அவனுக்கு அது சாக்ஸ்.

சுற்றிலும் பச்சை தொடங்கியபோதுதான் மகளின் கேள்விக்கு ஆயாவின் பதில் வந்தது. வழக்கமாக முகத்தைச் சுற்றி ஒரு சுற்றோ இரண்டோ போட்டு முடித்துவிடுவார்கள். ஆயா ஐந்து போட்டார். தோரண நூல் தீரும்வரை போட்டார்.

“இது என்ன சொல்லு?”

“காபித்தோட்டம்.”

அதற்கு வெளியே, மீதமிருந்த வெள்ளையில் ஒரே ஒரு சுற்று. “இது வேலி. அவரு உள்ள. நாம எங்க நிக்கணும்?”

பையன் சதுரத்துக்கு வெளியே, பாயில் விரலை வைத்தான்.

“வேலி தாண்டி அவரு வந்துட்டா?”

“வீட்டுக்குள்ள வந்து கதவச் சாத்தணும்.”

“கல்லு எறியலாமா?”

“கூடாது. அவரு வழிய மறைக்கக் கூடாது” என்று அவனே சொன்னான். வனத்துறை சொல்வதும் கிட்டத்தட்ட இதேதான். ஆனால், பச்சை உல்லனில் ஐந்து சுற்றாக யாரும் எண்ணிக் காட்டியதில்லை.

சதுரம் இப்போது அவன் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சில ராத்திரிகளில் முகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் தூங்குகிறான். பாய் ஈரமாவது ஒரேயடியாக நிற்கவில்லை, வாரத்தில் இரண்டு நாளாகக் குறைந்திருக்கிறது. மகள் சதுரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பச்சைச் சுற்றுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது மட்டும், அடுத்த தடவை வரும்போது சேலத்திலிருந்து நல்ல மஞ்சள் நூல் வாங்கி வருவதாகச் சொன்னார்.

பொங்கல் முடிந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் ஆயா அடுப்படியில் இருந்தார். பின்கதவு சாத்தப்படும் சத்தம், தாழ்ப்பாள் போடும் சத்தம். பையன் மூச்சு வாங்க வந்து நின்றான்.

“ஆயா, அவரு வந்திருக்காரு.”

இரண்டு பேரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். தோட்டத்துக்குள், வேலியிலிருந்து நல்ல தூரத்தில், இருட்டோடு இருட்டாக ஒரு முதுகு அசைந்தது. மறையும்வரை பையன் ஜன்னலைவிட்டு நகரவில்லை. ஆயாவின் சேலை முந்தானையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தான்.

சாப்பிடும்போது கேட்டான்: “ஆயா, அடுத்ததா ஒரு பாம்பு போடுறியா?”

ஆயா மஞ்சப்பையைக் கவிழ்த்துப் பார்த்தார். பச்சை தீர்ந்துவிட்டது. பழுப்பும் இல்லை. கறுப்பு ஒரு முழம்கூடத் தேறாது.

“ரோஸ்தான் கண்ணு இருக்கு.”

பையன் கொஞ்ச நேரம் யோசித்தான். “சரி, நாக்கு மட்டும் கறுப்புல போடு” என்றான்.