நைட் ஷிப்ட் முடிச்சு வர்றவங்களுக்கு ஒரு வீடு

இந்த வாரம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. அதான் ரொம்ப நாளா பாதியில கிடந்த பதிவை முடிச்சுரலாம்னு உக்காந்துட்டேன். சினிமா விமர்சனம் இல்ல, மென்பொருள் புலம்பலும் இல்ல. ஒரு வாடகை வீட்டுல கட்டில், மெத்தை, திரைச்சீலை வாங்கிப் போட்ட கதை. "இதுக்கெல்லாம் ஒரு பதிவா?"ன்னு கேக்குறவங்க இப்பவே ஓடிடலாம், கோச்சுக்க மாட்டேன் :-)

மதுரையைக் கோயில் நகரம்பாங்க, தூங்கா நகரம்பாங்க. ஆஸ்பத்திரி நகரம்னும் தாராளமா சொல்லலாம். கோரிப்பாளையம் பக்கம் அரசு ராஜாஜி மருத்துவமனை, அண்ணா நகர்ல அரவிந்த், மேலூர் ரோட்டுல மீனாட்சி மிஷன், கே.கே. நகர்ல அப்போலோ, அனுப்பானடியில வேலம்மாள். சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர், தேனின்னு சுத்துப்பட்டு சனம் எல்லாம் நோய்னு வந்தா பஸ் ஏறுறது இங்கதான். அரவிந்த் 1976ல டாக்டர் வெங்கடசாமி ஒரு வீட்டுல 11 படுக்கையோட ஆரம்பிச்சதுன்னு உங்கள்ல பலருக்குத் தெரிஞ்சிருக்கும். கிராமத்துப் பொண்ணுங்களை எடுத்து, ரெண்டு வருசம் பயிற்சி கொடுத்து, தங்க இடமும் கொடுத்துத்தான் அது வளந்துச்சு. வேலைக்கு ஆள் எடுத்தா அவங்க எங்க தூங்குவாங்கங்கறதும் நம்ம பொறுப்புதான்னு அப்பவே யோசிச்சிருக்காங்க.

எல்லா இடத்துலயும் அப்படி நடக்குறதில்ல. நர்ஸ், டயாலிசிஸ் டெக்னீசியன், லேப் டெக்னீசியன்னு ஆறு மாசம், ஒரு வருசம் ஒப்பந்தத்துல வந்து போறவங்க எக்கச்சக்கம். அமெரிக்காவுல இதுக்குன்னே "டிராவல் நர்ஸ்"னு ஒரு வர்க்கம் இருக்கு. பெரும்பாலும் 13 வார ஒப்பந்தம். அவங்களுக்குச் சாமான்களோட வீடு விடுறது அங்க தனித் தொழிலாவே நடக்குது. நம்மூர்ல அதுக்குக் கிட்டத்தட்ட சொல்லணும்னா, எம்.டி., எம்.எஸ். படிக்கிற டாக்டருங்க மூணு மாசம் மாவட்ட ஆஸ்பத்திரியில வேலை பாக்கணும்னு 2020ல கொண்டு வந்த விதியைச் சொல்லலாம். மூணு மாசத்துக்கு யாரு பீரோ, கட்டில் எல்லாம் லாரியில ஏத்திட்டு வருவா? ஒரு சூட்கேஸ், ஒரு தலகாணி, அவ்வளவுதான்.

சரி, நம்ம கதைக்கு வருவோம். உத்தங்குடியில எங்க வீட்டு மாடிப் போர்ஷன் நாலு மாசமா காலியா கிடந்துச்சு. புரோக்கர் கூட்டிட்டு வந்த முதல் பார்ட்டி மூணு நர்ஸ் பொண்ணுங்க. ஒருத்தர் நாகர்கோவில், ஒருத்தர் இடுக்கி, ஒருத்தர் மணிப்பூர். அப்பா வாசல்லயே "ஃபேமிலிக்கு மட்டும்தாம்மா விடுறது"ன்னு அனுப்பிட்டார். அவங்களும் சண்டை போடல. "சரி அங்கிள்"னு திரும்பிட்டாங்க. நிறைய வாசல்ல கேட்டுப் பழகின "சரி" அது.

அன்னைக்கு ராத்திரி கோயம்புத்தூர்ல இருந்து அக்கா போன். அக்காவும் நர்ஸ்தான். 2020ல சென்னையில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில இருந்தா. ஏப்ரல்ல ஒரு நாள் ட்யூட்டி முடியற நேரத்துல வீட்டுக்காரர் போன் பண்ணி, "கொஞ்ச நாளைக்கு இங்கிட்டு வராதம்மா, குழந்தைங்க இருக்கு"ன்னுட்டார். ரெண்டு செட் டிரஸ்ஸோட ஆஸ்பத்திரி அறையிலயே 40 நாள் கிடந்தா. மெத்தை, குக்கர், சர்ட்டிபிகேட் ஃபைல் எல்லாம் பூட்டின அறையில. அவளுக்கு மட்டும் நடந்ததில்ல இது. நாடு முழுக்க டாக்டரையும் நர்ஸையும் வீட்டைக் காலி பண்ணச் சொன்ன நேரம். டெல்லியில எய்ம்ஸ் ரெசிடென்ட் டாக்டருங்க சங்கம் மார்ச் மாசமே உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதுச்சு. ஏப்ரல் 22 அன்னைக்கு தொற்றுநோய்ச் சட்டத்துல அவசரத் திருத்தம் வந்துச்சு. அதுல மருத்துவப் பணியாளரோட வாழ்ற இடத்துல தொல்லை குடுக்குறதும் வன்முறைக் கணக்குலதான் சேரும். கைதட்டினோம், விளக்கு ஏத்தினோம், வீடு மட்டும் குடுக்கல.

அப்பாவுக்கு இதெல்லாம் தெரியும். அக்கா அழுதப்ப போனைப் புடிச்சிட்டு இருந்ததே அவர்தான். ஆனா போன்ல அக்கா கேட்டது ஒரே கேள்வி: "அப்பா, அந்த வீட்டுக்காரரும் உங்களை மாதிரி நல்லவர்தானே?"

அப்பா பேசல. மறுநாள் வெள்ளெனவே புரோக்கருக்குப் போன் போயிருச்சு :-)

அந்த மூணு பேரும் அதுவரைக்கும் ஒரு விடுதியில கட்டில் வாடகைக்கு இருந்தவங்க. சாமான் ஒண்ணும் கிடையாது. அப்ப எல்லாம் நாம போடணும். அக்காதான் க்ளையன்ட், நான் டெவலப்பர், அப்பா ஃபைனான்ஸ் டிபார்ட்மென்ட். அக்கா சொன்ன ரெக்வயர்மென்ட் டாக்குமென்ட் அப்படியே கீழ.

முதல்ல தூக்கம். ராத்திரி 8க்குப் போய் காலையில 8க்கு முடிச்சு வர்றவங்க பகல்ல தூங்கணும். கண்ணுல வெளிச்சம் பட்டா, தூக்கத்துக்கு உடம்பு சுரக்குற மெலடோனின் குறைஞ்சிரும். அதனால பகல் தூக்கம் அரைகுறையாத்தான் அமையும். இது சும்மா சோம்பேறித்தனம் பத்தின பேச்சு இல்ல. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007லயே இரவுப் பணியைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள வரிசையில சேத்துச்சு, 2019ல திரும்பப் பாத்தப்பவும் அதை மாத்தல. அதனால ஜன்னலுக்கு அழகுத் திரைச்சீலை வேண்டாம், வெளிச்சமே புகாத தடித்த துணி வேணும். விளக்குத்தூண் பக்கம் துணி எடுத்து, முன்னாடி புதுமண்டபத்துல உக்காந்து தைச்சுட்டு இருந்து இப்ப குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிட்ட தையல்காரர்கிட்ட குடுத்தோம். ஜன்னலை விட ரெண்டு பக்கமும் ஒரு சாண் அகலமா தைக்கச் சொன்னது அக்கா. ஓரத்துல கசியற வெளிச்சம்தான் முகத்துல அடிக்குமாம்.

அடுத்து சூடு. சித்திரை, வைகாசியில மதுரை மாடி வீடு எப்படின்னு உங்களுக்குச் சொல்லணுமா? கான்கிரீட் தளம் பகல் பூரா வெயிலைக் குடிச்சுட்டு உள்ள இறக்கும். ராத்திரி தூங்குறவன் எப்படியோ சமாளிப்பான், பகல்ல தூங்குறவங்க வெந்து போவாங்க. மொட்டை மாடிக்கு வெள்ளை கூலிங் பெயிண்ட் நானும் என் நண்பனும் சேந்தே அடிச்சோம் (கூலி: புரோட்டாவும் சால்னாவும்). மாசத்துல ஒரு நாள் பராமரிப்புன்னு காலை 9 மணிக்கு கரண்ட்டை நிறுத்துவாங்க இல்லியா, அது சரியா அவங்க படுக்குற நேரம். அதனால இன்வெர்ட்டர் ஆடம்பரம் இல்ல, அவசியம்.

மூணாவது, ஆளுக்கொரு பூட்டு. பெரிய பீரோ ஒண்ணு வாங்கலாம்னு அப்பா சொன்னார். அக்கா ஒத்துக்கல. "சின்னதா இருந்தாலும் தனித்தனியா மூணு. சம்பளமும் சர்ட்டிபிகேட்டும் அவங்கவங்க சாவியில இருக்கணும்." சர்ட்டிபிகேட் கவலை அவளுக்கு இன்னும் போகல.

நாலாவதுதான் பெரிய பஞ்சாயத்து. எங்க மாடி ஜன்னல் எல்லாத்துக்கும் கனமான இரும்புக் கிரில். திருடன் பயம். பொண்ணுங்க தங்கப்போறாங்கன்னதும் அப்பா படிக்கட்டுலயும் ஒரு கிரில் கேட் போட்டு ராத்திரி 10 மணிக்குப் பூட்டலாம்னார். இங்கதான் நான் வாயைத் திறந்தேன். 2024 செப்டம்பர் 12, அதிகாலை, பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் கட்ராபாளையத்துல ஒரு பெண்கள் விடுதியில ஃபிரிட்ஜ் வெடிச்சுத் தீப்பிடிச்சுச்சு. உயிரும் போச்சு. நம்ம வீட்டுல இருந்து அரை மணி நேரத் தூரம். எல்லாரும் தூங்குற நேரம், புகை, இருட்டு. அந்த நேரத்துல ஒரு பூட்டுக்குச் சாவி தேடுறதை நினைச்சுப் பாருங்க.

"வெளிய இருந்து வர்றவனைத் தடுக்குற கம்பி, உள்ள இருக்குறவங்களையும் தடுக்கும்ப்பா"ன்னேன். ரெண்டு நாள் முறைச்சுட்டு இருந்தார். அப்புறம் அவரே வெல்டரைக் கூட்டிட்டு வந்து, பின்பக்கத்து ஜன்னல் கிரில் ஒண்ணை அறுத்து, கீல் வச்சு, உள்ள இருந்து சாவி இல்லாம திறக்குற தாழ்ப்பாள் போடவச்சார். அதுக்கு நேர் கீழ கார் ஷெட்டோட தளம், இறங்கிக்கலாம். படிக்கட்டு கேட்டுக்கும் உள்பக்கத் தாழ்ப்பாள்தான். ஃபிரிட்ஜ் புதுசாவே வாங்கினோம். வாசலுக்குப் போற வழியில வைக்காம சமையல்கட்டு மூலையில, பின்னாடி காத்து போக இடம் விட்டு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இல்லாம தனி பாயின்ட்ல. எலக்ட்ரீசியன் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒண்ணும் மாட்டினார். கரண்ட் கசிஞ்சா கட் ஆயிரும்.

இனி கணக்கு. நம்ம பசங்களுக்கு நம்பர் இல்லாம பதிவு செரிக்காது.

இரும்புக் கட்டில் மூணு: 14,400
தேங்காய் நார் மெத்தை மூணு: 9,600
சின்ன பீரோ மூணு: 16,500
திரைச்சீலை, தையலோட: 5,400
ஃபிரிட்ஜ்: 14,500
வாஷிங் மெஷின்: 9,500
அடுப்பு வகையறா: 3,600
இன்வெர்ட்டர், பேட்டரி: 24,000
ஒயரிங்: 11,000
கிரில் வேலை: 6,500
கூலிங் பெயிண்ட்: 5,000

ஆக மொத்தம் 1,20,000 ரூபாய். காலி வீடா விட்டிருந்தா வாடகை 9,000. இப்ப 13,500. மேல்வரும்படி 4,500ங்கறதால போட்ட காசு திரும்ப 27 மாசம் ஆகும், அதுவும் ஒரு மாசம்கூட காலி இல்லாம ஓடினா. லாபம் பாக்கணும்னு இறங்குறவங்க இந்த வரியை ரெண்டு தடவை படிச்சுக்குங்க.

வாடகையை ஏன் இன்னும் ஏத்தலன்னு கேக்கலாம். 2015ல தேர்வு எழுதி அரசு ஆஸ்பத்திரிகளுக்கு எடுத்த ஒப்பந்த நர்ஸுகளுக்குத் தொகுப்பூதியம் மாசம் 7,700 ரூபாய். அதை எதுத்து 2017 நவம்பர்ல சென்னை டி.எம்.எஸ். வளாகத்துல அவங்க உக்காந்தது ஞாபகம் இருக்கலாம். அப்புறம் அந்தத் தொகை ஏறுச்சு. ஆனா ஒப்பந்தத்துல வேலை பாக்குறவங்க கையில என்ன மிஞ்சும்னு ஒரு நர்ஸோட தம்பிக்குத் தெரியாதா?

ஒரு விசயம் முக்கியம். மூணு பேருக்கும் சேத்து ஒரே வாடகை ஒப்பந்தம். ஆளுக்கொரு கட்டில்னு காசு வாங்கி விடுதி நடத்துறதா இருந்தா, 2014ல வந்த பெண்கள், குழந்தைகள் விடுதிச் சட்டப்படி கலெக்டர்கிட்ட உரிமம் எடுக்கணும். "சும்மா நாலு கட்டில் போட்டு விட்டேன்"ங்கறது பதில் ஆகாது.

அவங்க வந்து எட்டு மாசம் ஆச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க முதல்ல "ராத்திரி எட்டு மணிக்குக் கிளம்பிப் போகுதுங்க"ன்னு அப்பாகிட்ட முணுமுணுத்தாங்க. "ஆமா, நாம தூங்கணும்ல"ன்னு அப்பா சொன்னார். (அப்பாவா இதுன்னு நான் மூக்குல விரல் வச்சேன்.) காலை ஒன்பதுல இருந்து மத்தியானம் மூணு வரைக்கும் எங்க வீட்டுல மிக்ஸி ஓடாது. அம்மா சட்னியை ஏழு மணிக்கே அரைச்சு முடிச்சுடுவாங்க. கோயில் கொடைக்கு ஸ்பீக்கர் கட்டினா மட்டும் ஒண்ணும் பண்ண முடியல, ஆத்தாகிட்ட யாரு பேசுறது!

இன்னும் தீராத பஞ்சாயத்து ஒண்ணு இருக்கு. இடுக்கிப் பொண்ணு அடுத்த மாசம் துபாய்க்குப் போறாங்க. மத்த ரெண்டு பேருக்கும் ஒப்பந்தம் முடியப் போகுது. புரோக்கர் அடுத்து சொல்ற பார்ட்டி தூத்துக்குடிப் பக்கம் இருந்து வர்ற டயாலிசிஸ் டெக்னீசியன் பசங்க ரெண்டு பேர், ஒரு ஆண் நர்ஸ். ஆம்பளப் பசங்கன்னதும் அப்பா திரும்ப "ஃபேமிலி"ன்னு ஆரம்பிச்சுட்டார். அவங்களும் அதே நைட் ஷிப்ட்தான், அதே தூக்கம்தான். இந்த தடவை அக்காவுக்குப் போன் போடாம நானே பேசிப் பாக்கலாம்னு இருக்கேன். என்ன ஆச்சுன்னு பொறவு எழுதுறேன்.

டிஸ்கி: விலை எல்லாம் நான் அலைஞ்சு திரிஞ்சு வாங்கினது. உங்க ஊர்ல இதை விடக் கம்மியா கிடைச்சா பின்னூட்டத்துல சொல்லுங்க, வயிறு எரிஞ்சுக்குறேன்.