பிள்ளை வளர்ப்பான்

கற்பிட்டி
18.02.2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

மச்சானின் முழங்கால் வலி குறைந்ததா? இந்த விசயத்தைப் போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் உங்களோடு போனில் கதைத்தால் முதல் இரண்டு நிமிசம் நான், மிச்சம் முழுக்க நீங்கள். இதை நீங்கள் இடையில் மறிக்காமல் கேட்க வேண்டும். அதனால்தான் கடதாசி.

உங்கள் இளையவன் உங்களிடம் காசு கேட்டிருக்கிறான் என்று தெரியும். எதற்கு என்பதை முழுதாகச் சொல்லியிருக்க மாட்டான். களப்புக்குள் என்ஜின் போட்டில் வலையைக் கட்டி, அடியில் தேய்த்து இறால் இழுக்கிற ஒரு கூட்டில் பங்கு சேரப்போகிறானாம். ராத்தா, காசு கொடுக்க வேண்டாம். இயந்திரப் படகில் இழுவைமடி இழுப்பதை 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் நாடு முழுக்கத் தடுத்துவிட்டது. பிடிபட்டால் போட்டும் போகும், வழக்குக்கு அலைந்து நாளும் போகும். இது ஒன்றே போதும் என்று மச்சான் சொல்வார். உங்களுக்குப் போதாது. "ஊரெல்லாம் இழுக்குது, என்ட புள்ள மட்டும் பட்டினி கிடக்கணுமா?" என்பீர்கள். அதனால் வேறு ஒன்றைச் சொல்கிறேன்.

பராஅத் இரவுக்கு முந்தின நாள் நானும் அவனும் நண்டு வலை எடுக்கப் போனோம். பிறை பெருத்த நாட்கள், காலை வத்து நன்றாக வத்தியிருந்தது. என்ஜினைத் தூக்கிவிட்டுக் கம்பு ஊன்றிப் போனோம். இடுப்புக்கும் குறைந்த தண்ணீர். வெயில் ஏறின நேரம், தண்ணீர் மேல் வெள்ளை வெள்ளையாகப் பொடிப்பொடியாக ஏதோ மிதந்தது, குறுணல் அரிசியைக் கொட்டிவிட்ட மாதிரி. இவன் பார்த்துவிட்டு, "மாமா, ஐஸ் பெட்டி உடைஞ்சு ரெஜிபோம் கொட்டிக் கிடக்கு" என்று யாரோ முகம் தெரியாத ஆளைத் திட்டத் தொடங்கினான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கையில் அள்ளிப் பார்த்தால் பூ. ஒவ்வொரு பொடியும் ஒரு பூ, ராத்தா! நனையாமல் உள்ளங்கைத் தண்ணீரில் நிமிர்ந்து நிற்கிறது. ஊதினால் ஓடுகிறது.

எந்தப் பூ தெரியுமா? நாம் காலம் முழுக்கப் பாசி, பாசி என்று வலையிலிருந்து பிய்த்து எறிந்தோமே, அந்த நீட்டுப் புல்லின் பூ.

போன வருசம் பல்கலைக்கழகப் பிள்ளைகள் சிலர் மூன்று நாள் என் போட்டை வாடகைக்கு எடுத்தார்கள் என்று சொன்னேன் அல்லவா? பிளாஸ்டிக் குழாயில் சதுரம் செய்து தண்ணீருக்கு அடியில் வைத்து, அதற்குள் எத்தனை தாள் என்று எண்ணினார்கள். புல்லை எண்ணுவதற்குக் கூலியா என்று நான் உள்ளுக்குள் சிரித்தேன். அவர்களோடு வந்த ஆசிரியர்தான், "இது பாசி இல்லை, நானா. பாசிக்கு வேர் இல்லை, பூ இல்லை. இதற்கு வேர், தண்டு, நரம்போடிய இலை, பூ, காய் எல்லாம் உண்டு. வயலில் நிற்கும் செடிகளின் சொந்தம், கோடிக்கணக்கான வருசத்துக்கு முன் தரையை விட்டுக் கடலுக்கு இறங்கிவிட்டது" என்றார். அன்றைக்கு மண்டையில் ஏறவில்லை. பராஅத்துக்கு முந்தின நாள்தான் ஏறியது.

இதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் செடி அடியில் ஒரு உறைக்குள் பூவை வைத்திருந்து, வத்து நேரம் பார்த்து அறுத்து விடுகிறது. அவை மேலே வந்து மிதக்கும். பெண் பூவோ தன் செடியை விடாமல், நீண்ட காம்பில் தண்ணீர் மட்டம் வரை எழும்பி, மூன்று இதழையும் விரித்துக் காத்திருக்கும். காற்றும் நீரோட்டமும் அந்தப் பொடிகளை அதன் மடிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். பிறகு பெருக்கு ஏறும்போது இதழ் மூடிக்கொள்ளும். காம்பு ஸ்பிரிங் மாதிரிச் சுருண்டு காயை அடிக்கு இழுத்துக்கொள்ளும். கடலில் உள்ள மற்றப் புல் வகைகள் பெரும்பாலும் தண்ணீருக்குள்ளேயே காரியத்தை முடித்துக்கொள்கின்றனவாம். இது மேலே வந்து சூல் கொள்வது. நாங்கள் ஒரு பெண் பூவையும் கண்டோம். இளையவன் போட்டின் விளிம்பில் குப்புறப் படுத்து வெகுநேரம் பார்த்தான். பிறகு கேட்ட கேள்வி: "மாமா, இதை விக்கலாமா?" உங்கள் பிள்ளைதான், சந்தேகமில்லை.

இந்தப் புல்லின் விஞ்ஞானப் பேர் என்ஹலஸ் அகொரொய்டிஸ். வாயில் நுழையாது. ஆனால் இரண்டாவது சொல்லுக்கு அந்த ஆசிரியர் அர்த்தம் சொன்னார்: வசம்பு மாதிரியானது. இலை வசம்பு இலைபோல் நீண்டிருப்பதால் அப்படி வைத்தார்களாம். வசம்பு என்றதும் எனக்கு உம்மா ஞாபகம். இரவில் அந்தப் பேரைச் சொல்லவே மாட்டா. "பிள்ளை வளர்ப்பானை எடுத்துத் தா" என்பா. உங்கள் மூத்தவளுக்கு வயிறு ஊதினபோது விளக்கில் சுட்டு உரைத்துத் தடவின அந்தக் கறுப்புக் கை.

1990 ஒக்டோபர் கடைசியில் எருக்கலம்பிட்டியிலிருந்து விரட்டப்பட்டு வள்ளத்தில் இங்கே வந்தோமே, அந்த முடிச்சுக்குள்ளும் வசம்பு இருந்தது. உடுப்பு இல்லை, சட்டி இல்லை, வசம்பு இருந்தது. கரைக்கு எட்டத்திலேயே வள்ளம் தட்டி, எல்லோரையும் இறங்கி நடக்கச் சொன்னார்கள். நீங்கள் மூத்தவளைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் காலை வைத்ததும், "யாரோட தலைமயிரோ காலில சுத்துது" என்று கத்தினீர்கள். வாப்பா, "பாசி, புள்ள, பாசி, நட" என்றார். இந்தப் புல்லின் கிழங்கைச் சுற்றி உண்மையிலேயே கறுத்த முடி மாதிரி நார் உண்டு. பழைய இலை உதிர்ந்த பிறகு மிஞ்சுவது அது. அன்றைக்கு உங்கள் காலில் சுற்றினது அதுதான் என்று நினைக்கிறேன். இந்த ஊர் நமக்குக் கொடுத்த முதல் தரை அது. முப்பத்துநான்கு வருசம் கழித்து உங்கள் மகன் அதன்மேல் வலையின் இரும்புச் சங்கிலியை இழுக்கப்போகிறான்.

கோபத்தில் எழுதிவிட்டேன். அவனை அடிக்கவில்லை, எழுதத்தான் செய்தேன்.

இளையவனுடைய நியாயம் இது: இறால் அடியில் புல்லுக்குள்தான் கிடக்கிறது, அங்கேதானே இழுக்க வேண்டும்? கிடப்பது உண்மை. ஏன் கிடக்கிறது என்றுதான் அவன் யோசிக்கவில்லை. இறால் குஞ்சு, நண்டுக் குஞ்சு, ஓரா மீன் குஞ்சு எல்லாம் பெரிய மீனின் வாய்க்குத் தப்பி அந்த இலைகளுக்குள் வளர்கின்றன. புத்தளம் களப்பு 327 சதுர கிலோமீற்றர் இருந்தாலும் பெரும்பாலும் ஆழம் குறைவு, வெளிச்சம் அடிவரை போகும். அதனால்தான் புல் நிற்கிறது. சங்கிலி ஒரு தடவை உழுதால் வேரோடு போவது ஒரு பக்கம். கிளம்புகிற சேறு மற்றப் புல்லுக்கு வெளிச்சத்தை மறைத்துவிடும். அதுவும் இந்த வகை, கிழங்கை வருசத்துக்குச் சில சென்டிமீற்றர் மட்டுமே நகர்த்துகிற சாது. காய் வெடித்துச் சிதறும் விதையும் அதிக நேரம் மிதக்காது, பெரும்பாலும் தாய்க்குப் பக்கத்திலேயே விழுந்து முளைக்கும். வெளியூரிலிருந்து யாரும் லேசில் வந்து நிரப்ப மாட்டார்கள். ஐந்து மாதம் நல்ல இறால் கிடைக்கும். பிறகு? இறால் பண்ணைக் காலத்தை நீங்களும் பார்த்தீர்கள். கண்டலை வெட்டிக் குளம் தோண்டினார்கள், பணம் கொட்டியது, நோய் வந்தது, குளம் இன்றைக்கும் வெறும் உப்புப் பூத்துக் கிடக்கிறது.

கடற்பசுவையும் சொல்ல வேண்டும். நமது சின்ன வயதில் இறைச்சி வந்ததைக் கண்டிருக்கிறோம், சட்டம் 1970இலேயே தடுத்திருந்தும். அது நாளொன்றுக்கு முப்பது கிலோவுக்கு மேல் புல் தின்னும், சில வருசத்துக்கு ஒருமுறைதான் ஒரு குட்டி போடும். இப்போது எத்தனை வருசமாயிற்று ஒன்றைக் கண்டு! நம் எருக்கலம்பிட்டிக் கரைக்கு எதிரே தமிழ்நாட்டுக்காரர்கள் 2022இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றரை அதற்கென்று ஒதுக்கிவிட்டார்கள். அதே வருசம் ஐக்கிய நாடுகள் சபை மார்ச் 1ஐ உலகக் கடற்புல் நாளாக அறிவித்தது. அந்தத் தீர்மானத்தைக் கொண்டுபோனது யார் தெரியுமா? இலங்கை. இளையவனிடம் சொன்னேன். "பாசிக்கும் ஒரு நாளா?" என்று சிரித்தான். பிறந்தநாளுக்கு கேக் கேட்கிற வயசு, விடுங்கள்.

அவன் கெட்ட பிள்ளை இல்லை. கடன்காரன் மாதிரி யாரோ அவன் காதில் ஓதுகிறான், அவ்வளவுதான். நீங்கள் கொடுக்க வைத்திருக்கும் காசில் பாதியைப் புது நண்டு வலைக்குக் கொடுங்கள், கண் பெரிய வலை. மிச்சப் பாதி நான் போடுகிறேன். போட் என்னுடையது, எண்ணெய்க் காசும் என்னுடையது. வருகிறதில் மூன்றில் இரண்டு அவனுக்கு. வேண்டுமானால் எழுதித் தருகிறேன்.

பெருநாளுக்குக் கட்டாயம் வாருங்கள். பிறை காண்கிற அந்த இரண்டு மூன்று நாளும் வத்து நன்றாக வத்தும், மச்சானை வீட்டில் விட்டுவிட்டு உங்களை நான் கூட்டிப்போகிறேன். பழைய செருப்பு ஒன்று கொண்டுவாருங்கள். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடக்க வேண்டும், புல்லுக்குள் திருக்கை கிடக்கும். கத்தக் கூடாது, அதுவும் முக்கியம்.

ஓராக் கருவாடு ஒரு பொதி புத்தளம் பஸ்ஸில் தெரிந்தவர் கையில் கொடுத்துவிடுகிறேன். உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது, ஊறவைத்துச் சமையுங்கள். உங்கள் மச்சி சலாம் சொல்லச் சொன்னா.

இந்தக் கடதாசி எழுதினது இளையவனுக்குத் தெரியாது. ஒட்டி, முத்திரை குத்த அவனையேதான் தபால் கந்தோருக்கு அனுப்புகிறேன்.

உங்கள் தம்பி