நாமும் நாங்களும்

சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறினால் மூன்றாம் நாள் அந்தமான் கரை கண்ணில் படும். இடையே கிடப்பது ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல். 2014ஆம் ஆண்டு மாற்றலாகி, மனைவியோடும் கைக்குழந்தையான மகளோடும் இத்தீவுக்கு வந்தபோது, நமக்கும் தாயகத்துக்கும் இடையே உள்ளது கடல் ஒன்றே என எண்ணியிருந்தேன். அலுவலக அலமாரியில் இருந்த விதிநூலைப் புரட்டிய பின்னரே, இடையில் ஒரு சட்டமும் கிடப்பது புலனாயிற்று.

1976ஆம் ஆண்டின் அலுவல் மொழி விதிகள், தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுமைக்கும் பொருந்துவன. அவை நாட்டை மூன்று வட்டாரங்களாகப் பகுக்கின்றன. முதல் வட்டாரத்தில் உத்தரப் பிரதேசம், பீகார், தில்லி ஆகியவற்றோடு வரிசையில் நிற்பது அந்தமான் நிக்கோபார். விதியே பொருந்தாத மண்ணிலிருந்து, விதி முழுமையாகப் பொருந்தும் மண்ணுக்கு மூன்று நாளில் வந்து சேர்ந்திருந்தேன்.

இத்தனைக்கும் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஐவரில் ஒருவர்கூட இல்லை. வங்காளிகளே மிகுதி, தமிழராகிய நாம் நூற்றுக்குப் பதினைவர். 1858இல் தண்டனைக் குடியிருப்பு ஏற்பட்ட நாள்முதல் பல மாகாணத்துக் கைதிகளும் காவலரும் தமக்குள் பேசிக்கொள்ள இந்துஸ்தானி பயன்பட்டது. பின்னர் கிழக்கு வங்கத்திலிருந்து குடியேறியோர், 1964ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி இலங்கையிலிருந்து திரும்பிக் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்துக்கு வந்த நம்மவர் என யார் வந்தாலும் கடைத்தெருவில் அம்மொழியே பொதுமொழியாயிற்று. அபர்தீன் பஜாரில் மீன் வாங்கும் அளவுக்கு அதை நானும் ஓராண்டில் பழகிக்கொண்டேன். அது போதும் என்று இருந்துவிட்டேன்.

போதாது என்று உணர்த்தியவர் ஒரு வங்காள மூதாட்டி. கணவர் இறந்தபின் குடும்ப ஓய்வூதியத்திற்காக என் மேசைக்கு வந்திருந்தார். படிவத்தில் இறந்த நாள் விடுபட்டிருந்தது. மீன் கடையில் கற்ற இந்தியில், "ஆப்கா ஆத்மி கப் மரா?" என்று கேட்டேன். 'உம் ஆள் எப்போது செத்தான்?' என்று தமிழில் ஒரு கைம்பெண்ணிடம் கேட்பதற்கு ஒப்பானது அது. அம்மையார் சினக்கவில்லை. சற்று நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு தேதியைச் சொல்லி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பக்கத்து மேசை நண்பர் பிறகு என்னைத் தனியே அழைத்து, "தேஹாந்த்" என்று ஒரு சொல் உண்டு என்றார். 'காலமானார்' என்ற சொல்லை அறிந்த மொழியில் பிறந்தவன் நான். அதற்கு நிகரான சொல் பிற மொழியிலும் இருக்கும் என்று எண்ணிப் பார்க்காமல் போனேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மத்திய அரசின் இந்தி கற்பித்தல் திட்டத்தில் பிரபோத், பிரவீண், பிராக்ஞ எனப் படிகள் உண்டு. முதற்படியைச் சென்னையிலேயே கடனுக்குத் தேறியிருந்தேன். இடைப்படியாகிய பிரவீண் வகுப்பில் இப்போது மனமொப்பிச் சேர்ந்தேன். தெலுங்கர் இருவர், மலையாளி ஒருவர், கார் நிக்கோபாரைச் சேர்ந்த அம்மையார் ஒருவர், நான் என ஐவர். நாற்பதை நெருங்கிய மனிதர்கள் சிலேட்டுப் பிள்ளைகளைப் போல் வரிசையாக அமர்ந்திருந்தோம்.

இலக்கணம்தான் எங்களைப் பெரிதும் சோதித்தது. தமிழில் உயர்திணைக்கே ஆண், பெண் என்ற பகுப்பு உண்டு. மேசையும் நாற்காலியும் அஃறிணை என்று ஒதுங்கி நின்று நமக்கு உதவும். இந்தியில் அந்த ஒதுக்கிடமே இல்லை. உயிரற்ற பொருளும் ஆணாகவோ பெண்ணாகவோ இருந்தே தீரவேண்டும். கடல் ஆண், ஆறு பெண். தயிர் ஆண், ரொட்டி பெண். அரசாங்கம், படை, காவல்துறை மூன்றும் பெண்பால். மீசையும் தாடியும்கூடப் பெண்பால் என்று ஆசிரியை சொன்னபோது, மலையாள நண்பர் தம் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அடுத்து வந்தது 'னே' என்னும் உருபு. 'நான் உண்டேன்' என்றால் நம் வினைமுற்று உண்டவனைச் சார்ந்து நிற்கும். இந்தியின் இறந்தகாலத்திலோ, உண்ணப்பட்ட பொருளைச் சார்ந்து நிற்கிறது. மாம்பழம் என்றால் 'காயா', ரொட்டி என்றால் 'காயீ'. உண்டவனுக்கு மதிப்பில்லை. இவ்விதியை ஒருவாறு மனத்தில் இருத்தியதும், கொண்டுவருதல் என்னும் வினைக்கு இது பொருந்தாது என்றார் ஆசிரியை. ஆறுதலும் ஒன்று கிடைத்தது. மதிப்புக்குரிய ஒருவரைப் பன்மையால் சுட்டுவது இரு மொழிக்கும் பொது. 'அப்பா வந்தார்' என்பதில் உள்ள 'ஆர்' பலர்பால் விகுதி அன்றோ? அம்மூதாட்டியிடம் நான் மறந்தது இந்தி இலக்கணத்தை மட்டுமன்று என்பது அப்போது விளங்கியது.

இவ்வளவையும் ஊரிலிருந்த தந்தையாரிடம் சொல்லாமல் மறைத்திருந்தேன். 1965 சனவரியில் இந்தித் திணிப்பை எதிர்த்து எழுந்த மாணவர் கிளர்ச்சியின்போது அவர் புகுமுக வகுப்பு மாணவர். ஊர்வலத்தில் பட்ட தடியடியின் தழும்பு இன்றும் அவருடைய முழங்காலில் உண்டு. சிறுவயதில் அதைத் தொட்டுப் பார்த்து வளர்ந்தவன் நான். ஒருநாள் தொலைபேசியில் உண்மையைச் சொல்லிவிட்டேன். மறுமுனையில் நெடிய அமைதி. பிறகு, "தேறினா சம்பளத்துல ஏதாவது சேப்பாங்களாடா?" என்றார். ஓர் ஊதிய உயர்வுத் தொகை பன்னிரண்டு மாதம் கிடைக்கும் என்றேன். மூதாட்டியின் கதையையும் சொன்னேன். "கட்டாயம்னு சொன்னதைத்தான் எதிர்த்தோம். ஒரு அம்மாகிட்ட மரியாதையாப் பேசணும்னு நீயாப் படிக்கிறே, படி. பேத்திக்குத் தமிழ் வருதா, அதைப் பாரு" என்றார்.

வருகிறது என்றே நம்பியிருந்தேன். 2023 பொங்கலுக்கு அவர் வந்தார். பொங்கலன்று மாலை வெற்றிமலை முருகன் கோயிலுக்குப் புறப்பட்டோம். ஒன்பது வயது மகள் ஓடிவந்து, "தாத்தா, நாங்க எல்லாரும் கோயிலுக்குப் போலாம்!" என்றாள். வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தவர், "சரிம்மா, போயிட்டு வாங்க. நான் வீட்டைப் பாத்துக்கறேன்" என்று நாற்காலியில் அமர்ந்துவிட்டார். குழந்தை திகைத்து நின்றாள். தான் அழைத்தும் தாத்தா ஏன் வரவில்லை என்று அவளுக்கு விளங்கவில்லை. கண்களில் நீர் திரண்டது. அவர் அவளை அருகே இழுத்து, "நாங்கன்னா நான் இல்லாம நீங்க மட்டும். நாமன்னாதான் தாத்தாவும் சேர்த்தி" என்றார்.

பள்ளியிலும் தெருவிலும் அவள் பேசும் இந்தியில் இரண்டுக்கும் 'ஹம்' என்ற ஒரே சொல்தான். கேட்பவரைச் சேர்த்து ஒன்று, விலக்கி ஒன்று என வைத்திருப்பது தமிழின் நுட்பம். அந்நுட்பம் என் வீட்டில், என் கண்ணெதிரே நழுவிக்கொண்டிருந்தது. குற்றம் இந்தியினுடையது அன்று. ஐந்து மாதமாக மாலைதோறும் பிரவீண் பாடநூலோடு அமர்ந்து, "தொந்தரவு செய்யாதே" என்று அவளை விலக்கியவன் நான். வீட்டில் 'நாம்' குறைந்தால் குழந்தையின் வாயில் எங்கிருந்து வரும்?

தந்தையார் ஊர் திரும்புமுன் வீட்டில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. மாலையில் அரைமணி நேரம் அவள் எனக்கு இந்தி ஆசிரியை. அடுத்த அரைமணி நான் அவளுக்குத் தமிழாசிரியன். நான் பால் பிழைத்தால் அவள் மேசையைத் தட்டுவாள்; அவள் 'நாம்' பிழைத்தால் நான் தட்டுவேன். தொடக்கத்தில் என் பக்கமே மிகுதியாகத் தட்டப்பட்டது. ஞாயிறுதோறும் தாத்தாவிடம் தொலைபேசியில் ஐந்து நிமிடம் பிற சொல் கலவாமல் பேசவேண்டும் என்பது துணை விதி.

வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் குடும்பத்தைப் பற்றிப் பேசச் சொன்னார். தந்தையாரைப் பற்றிப் பேசினேன், மதிப்புப் பன்மை ஓரிடத்திலும் பிழைக்காமல். முழங்கால் தழும்பைப் பற்றி மட்டும் பேசவில்லை. தேறினேன்.

அதன்பின் ஒரு நாள் அந்த மூதாட்டி வேறோர் ஆவணத்திற்காக வந்தார். எழுந்து நின்று நாற்காலி காட்டி, அவருடைய மறைந்த கணவரின் பெயரை உரிய மதிப்போடு சொல்லிப் பேச்சைத் தொடங்கினேன். அவர் முகம் மலர்ந்து விரைவாகப் பேசலானார். கவனித்துக் கேட்டேன், அவருடைய இந்தியிலும் ஆணும் பெண்ணும் இடம் மாறிக் கிடந்தன. இருவருக்கும் அது இரவல் மொழிதானே. மேசையைத் தட்ட எனக்கு மனம் வரவில்லை.

துறைமுகத்துக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று புதுப் பெயர் வந்துவிட்டது. நம் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான். பெயர்கள் மாறும், நம் பிள்ளைகள் பல மொழி பேசுவர், பேசட்டும். இம்மலரைப் படிக்கும் பெற்றோரிடம் நான் வேண்டுவது ஒன்றே. இன்று மாலை உங்கள் குழந்தை 'நாங்கள்' என்று சொல்கையில் சற்றே செவிசாயுங்கள். அதில் நீங்கள் இருக்கிறீர்களா, இல்லையா என்று கேட்டுப் பாருங்கள்.