பொட்டிக்கு ஒரு சான்றிதழ்

எங்கள் அலுவலக வைஃபை பாஸ்வேர்டு ஒருகாலத்தில் வண்ணார்பேட்டை டீக்கடை வரைக்கும் தெரிந்திருந்தது. மாற்றினால் எல்லா லேப்டாப்பிலும் திரும்ப அடிக்கணும். அதனால் யாரும் மாற்றவில்லை.

பிறகு இஏபி-டிஎல்எஸ்ஸுக்கு மாறினோம். 1999லேயே வந்த முறைதான். பாஸ்வேர்டே கிடையாது, லேப்டாப்புக்கு லேப்டாப் ஒரு டிஜிட்டல் சான்றிதழ். அதற்கான ரகசியச் சாவி பொட்டிக்குள்ளேயே, டிபிஎம் என்கிற சில்லில் பிறக்கும், வெளியே வராது. சர்வரும் தன் சான்றிதழைக் காட்டணும். பக்கத்து மாடியில் எவனாவது அதே பெயரில் வைஃபை போட்டாலும் லேப்டாப் ஏமாறாது. ஒரே சிக்கல், சான்றிதழ் வாங்க நெட்வொர்க் வேணும், நெட்வொர்க்குக்குச் சான்றிதழ் வேணும். முதல் தடவை கேபிள்தான் கதி.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை. தாமிரபரணி தெருவுக்குள் வந்துவிட்டது. ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து வருகிற ஒரு தங்கச்சியின் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். லேப்டாப்பில் மதர்போர்டு போய்விட்டது, டிஸ்க் பிழைத்தது. புது போர்டு போட்டு, மீட்புச் சாவி கொடுத்துத் திறந்தோம். ஃபைல் எல்லாம் இருந்தது. சான்றிதழும் இருந்தது, அவள் பெயரோடு, தேதியும் தாண்டாமல். வைஃபை மட்டும் சேரவில்லை. சாவி பழைய போர்டின் சில்லோடு போயிருந்தது.

"எட்டு வருசமா வாரேன், என்னையத் தெரியாதாண்ணே அதுக்கு?"

காலையில் ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்திருந்தாள். வெள்ள நிவாரணம் 6,000 ரூபாய் அங்கேதான் கொடுத்தார்கள். "கார்டு, ஆதார், வீட்டுப் பத்திரம் எல்லாம் ஆத்தோட போயிட்டு. அங்கயும் இதே கதைதான்."

என்னைக் கேட்டால் சிஸ்டம் செய்தது சரி. தெரிஞ்ச ஆள்தானே என்று சொல்லிச் சொல்லித்தான் பாஸ்வேர்டு டீக்கடைக்குப் போனது. அன்றைக்கு அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

கேபிளைச் செருகினேன். பழைய சான்றிதழை ரத்து செய்யப் போனால் காரணம் கேட்கும். சாவி களவு போனது, வேறு ஒன்று வந்துவிட்டது, பயன்பாடு நின்றது என்று ஒரு பட்டியல். வெள்ளம் அதில் இல்லை. 'வேறு ஒன்று வந்துவிட்டது' என்று போட்டேன். பத்து நிமிசத்தில் புதுச் சான்றிதழ் இறங்கியது.

கேபிளை உருவியதும் வைஃபை தானாகச் சேர்ந்தது. மெயிலை அவள் திறக்கவில்லை. ஆதாரை மறுபடி டவுன்லோடு செய்கிற பக்கத்துக்குப் போனாள்.

"பிரிண்டர்ல பேப்பர் இருக்காண்ணே?"