பத்து ரூபாய் விளக்கும் படிக்கட்டின் கீழ் வண்டியும்

மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துவோருக்கு அரசு அளிக்கும் சலுகைகளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நம் உள்ளத்தில் ஒரு வினா எழுவதுண்டு. இச்சலுகை யார் கைக்குப் போய்ச் சேருகிறது? முன்பணம் வைத்திருப்பவருக்கா, அன்றாடக் கூலியில் அடுப்பெரிப்பவருக்கா?

எல்.ஈ.டி. விளக்கின் வரலாறு நம்பிக்கையூட்டுவது. 60 வாட் குண்டு பல்பு ஒன்றை நாள்தோறும் ஐந்து மணி நேரம் எரித்தால் இரண்டு மாதத்தில் 18 யூனிட் செலவாகும். 9 வாட் எல்.ஈ.டி. விளக்குக்கோ மூன்று யூனிட்கூட ஆகாது. இத்தனை ஆதாயம் இருந்தும் ஏழை வீடுகளில் அது ஏறாமல் இருந்ததற்கு அறியாமை காரணமன்று, விலையே காரணம். 2014-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரசின் மொத்தக் கொள்முதலிலேயே ஒரு விளக்கு 310 ரூபாய்!

2015 ஜனவரியில் தொடங்கப்பெற்று, பின்னர் 'உஜாலா' எனப் பெயர் பெற்ற திட்டம் இந்நிலையை மாற்றியது. விளக்குக்கென மானியம் எதுவும் தரப்படவில்லை என்பதுதான் வியப்பு. அரசுத்துறை நிறுவனங்கள் கூடி அமைத்த எனர்ஜி எஃபிஷியன்ஸி சர்வீசஸ் என்னும் நிறுவனம், நாட்டின் தேவையைத் திரட்டிக் கோடிக்கணக்கில் ஒப்பந்தப்புள்ளி கோரிற்று. உற்பத்தியாளர் போட்டியிட்டனர், 2016-இல் கொள்முதல் விலை 38 ரூபாய்க்கு இறங்கிற்று. 36 கோடிக்கும் மேற்பட்ட விளக்குகள் இவ்வாறு வீடுகளுக்குச் சென்றன.

டில்லியில் தொடக்க நாள்களில் பத்து ரூபாய் கொடுத்து விளக்கைப் பெற்றுக்கொண்டு, எஞ்சிய 120 ரூபாயை மின்கட்டணத்தோடு மாதம் பத்தாக ஓராண்டில் செலுத்தலாம் என ஏற்பாடு செய்தனர். தவணைக்குச் சேலை விற்பவர் நெடுங்காலமாக அறிந்த உபாயமே இது! 2021-இல் பீகார் மாநிலத்தின் ஆரா நகரில் தொடங்கிய 'கிராம உஜாலா' இன்னும் ஒருபடி இறங்கி வந்தது. பழைய குண்டு பல்பைக் கொடுத்தால் பத்து ரூபாய்க்குப் புது விளக்கு. குறையும் தொகையைக் கரிம வரவுகளை விற்று ஈடுசெய்வதாகத் திட்டம்.

மின்வாகனத்தின் கதை வேறு. வண்டிக்கு மானியம் தந்தனர்; மின்னேற்றும் கருவிக்கும் தந்தனர். டில்லி அரசு 2020-இல் வெளியிட்ட கொள்கையில், முதல் 30,000 மின்னேற்றுக் கருவிகளுக்குத் தலா 6,000 ரூபாய் வரை வழங்குவதாக அறிவித்தது. வீட்டில் இருக்கும் மின் இணைப்பிலேயே வண்டிக்கு மின்னேற்றிக்கொள்ளலாம் என மத்திய மின்துறை 2022 ஜனவரியில் தெளிவுபடுத்தியது. யாவும் நல்லவையே. ஆயினும் கருவியை மாட்டச் சொந்தச் சுவர் வேண்டாமா?

நம் பங்கில் வீடுவீடாகப் பொருள் கொண்டுசேர்க்கும் இளைஞர் ஒருவர் கடன் வாங்கி மின்ஸ்கூட்டர் எடுத்தார். குடியிருப்பதோ வாடகைக்கு, மாடியில். வண்டி நிற்பது படிக்கட்டின் கீழே. "சாமி, வண்டிக்கு மானியம் கெடச்சுது, சார்ஜ் போட ஒரு பிளக் பாயிண்ட் கெடைக்கல" என்றார். வீட்டுக்காரரைக் குறை கூறவும் இயலவில்லை. கீழே உள்ள இணைப்பு அவருடையது. மூன்று யூனிட் கொள்ளும் மின்கலத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் நிரப்பினாலும், வீணாவதையும் சேர்த்து இரண்டு மாதத்தில் நூறு யூனிட்டை நெருங்கும். தமிழ்நாட்டில் இரு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடுகிறது. அவர் அஞ்சுவதில் நியாயமுண்டு.

2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் பொது மின்னேற்று நிலையங்களுக்கென 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அப்பணம் நெடுஞ்சாலை ஓரங்களில் மட்டும் தங்காமல், லைன் வீடுகள் நிறைந்த தெருமுனைகளுக்கும் வரவேண்டும் என்பது நம் விருப்பம். சொந்த மாடமும் காரும் உள்ளவருக்குத் தரும் ஆறாயிரத்தைவிடத் தெருவுக்கொரு பொதுக் கருவி மேலானது.

அது வரும்வரை அந்த இளைஞர் காத்திருக்க இயலாதே! ஆகவே வீட்டுக்காரரோடு பேசினோம். படிக்கட்டின் கீழ் ஒரு துணை மீட்டரும் பிளக்கும் அமைத்து, ஓடிய யூனிட்டுக்கு ஏற்பப் பணம் வாங்கிக்கொள்ள இசைந்திருக்கிறார். கணக்கு 500-ஐத் தாண்டும் முறை வந்தால் கூடுதல் தொகையை இளைஞர் ஏற்பார். மீட்டரும் கம்பியும் யார் செலவு என்பதில்தான் இன்னும் இழுபறி.